பேக் ப்ரொடெக்டர் (வண்டி ஓட்டும்போது போடும் முதுகுக் காப்பு) போட்டால் முதுகு வலிக்கிறது, வசதியானது ஏதாவது இருக்கிறதா?

பெருங்களத்தூர்250 எழுதியது:

வணக்கம். தினமும் பெருங்களத்தூரிலிருந்து ஒரகடம் போய் வருகிறேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் பிழைப்பு. மாதம் ஒரு தடவை ஏலகிரி, ஏற்காடு என்று எங்காவது கிளம்புவேன். 250 சிசி வண்டி, நிமிர்ந்து உட்காரும் வகை.

போன வருடம் வண்டிக்கென்று ஒரு மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட் வாங்கினேன். தோளிலும் முழங்கையிலும் நல்ல ஆர்மர் (அடி தாங்கும் பட்டை) இருந்தது. முதுகில் மட்டும் கறுப்பாக ஒரு ஸ்பாஞ்சு. அதை எடுத்துவிட்டு, ஆன்லைனில் பேக் ப்ரொடெக்டர் என்று போட்டு விற்ற ஒன்றை வாங்கிச் செருகினேன். அன்று பிடித்தது சனி. அரை மணி நேரத்தில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி, முதுகெல்லாம் வியர்வை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி பீரோ மேல் போட்டுவிட்டேன். இப்போது அது எங்கள் வீட்டுப் பூனையின் படுக்கை.

போன வாரம் கண்ணெதிரே ஒருவர் மணலில் சறுக்கி, மீடியன் கல்லில் முதுகு மோத விழுந்தார். நல்ல வேளை, எழுந்து நடந்தார். ஆனால் எனக்குத்தான் அதன் பிறகு மனசே சரியில்லை. 6,000 ரூபாய்க்குள், மென்மையாக, லேசாக, காற்றோட்டமாக ஒரு பேக் ப்ரொடெக்டர் சொல்லுங்கள்.

பழைய_புல்லட் எழுதியது:

தம்பி, நான் 1987லிருந்து வண்டி ஓட்டுகிறேன். முதுகில் பனியனைத் தவிர எதுவும் போட்டதில்லை. நிதானமாகப் போனால் போதும்.

செட்டிபாளையம்_லேப் எழுதியது:

புல்லட் அண்ணா, நீங்கள் நிதானமாகத்தான் போவீர்கள். பின்னால் வருகிற டிப்பர் லாரிக்கு அது தெரிய வேண்டுமே.

பெருங்களத்தூர் நண்பா, எதை வாங்குவது என்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். பூனையை எழுப்பிவிட்டு அந்த ப்ரொடெக்டரின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். இஎன் என்று தொடங்கும் எண் வேண்டும். இரண்டாவது, எந்த அளவு வாங்கினீர்கள், எதை வைத்து அந்த அளவைத் தேர்ந்தெடுத்தீர்கள்? மூன்றாவது, வேலைக்குப் போகும்போது முதுகில் பை மாட்டுவீர்களா?

பெருங்களத்தூர்250 எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. “இஎன் 1621-1:2012, லெவல் 2” என்று இருக்கிறது. அளவு எல். டீ ஷர்ட் எல் போடுவதால் அதையே வாங்கினேன். உயரம் 168 செ.மீ. பை உண்டு. லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், டிஸ்க் லாக் (சக்கரத்தில் மாட்டும் இரும்புப் பூட்டு) எல்லாம் அதில்தான்.

செட்டிபாளையம்_லேப் எழுதியது:

நீங்கள் சொன்ன மூன்றிலுமே கோளாறு இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால் மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த எண். 1621-1 என்பது தோள், முழங்கை, முழங்கால், இடுப்புக்கு உரிய ஐரோப்பியத் தரம். முதுகுக்கு உரியது 1621-2. கடைசி எண்தானே மாறுகிறது என்று விட்டுவிடக் கூடாது. முதுகுச் சோதனையில் 5 கிலோ எடையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். 50 ஜூல் ஆற்றல். அந்த அடியில் எவ்வளவு விசை மறுபக்கம் போகிறது என்று அளப்பார்கள். முதுகுக்கு லெவல் 1 என்றால் சராசரி 18 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு தனி அடியும் 24ஐத் தாண்டக் கூடாது. லெவல் 2 என்றால் சராசரி 9, தனி அடி 12. கைகால் தரத்தில் லெவல் 1க்கே சராசரி 35 வரை விடுவார்கள், லெவல் 2க்கு 20. அதாவது, நீங்கள் வைத்திருக்கிற ‘லெவல் 2’, முதுகுக்கான லெவல் 1ஐக்கூடத் தாண்டியாக வேண்டிய கட்டாயம் இல்லாத சரக்கு. முழங்கால் பட்டையைப் பெரிதாக வெட்டி முதுகுக்கு என்று விற்றிருக்கிறார்கள்.

ஜாக்கெட்டோடு வந்த ஸ்பாஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இஎன் 17092 என்கிற உடைத் தரத்தில் ஜாக்கெட் ஏஏ, ஏஏஏ என்று எவ்வளவு உயர்ந்த மதிப்பு வாங்கினாலும் முதுகுக் காப்பு அதில் கட்டாயம் இல்லை. அதனால் நிறைய ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வெறும் நிரப்புத் துண்டுதான் வரும். சட்டைக்குள் வைக்கிற அட்டை மாதிரி, வடிவம் கலையாமல் இருப்பதற்காக. வெளியே தொங்கும் அட்டையில் “சிஇ லெவல் 2 ஆர்மர்” என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது தோளுக்கும் முழங்கைக்கும் மட்டும்.

அடுத்து அளவு. இதில்தான் உங்கள் வலியில் பாதி இருக்கிறது. பேக் ப்ரொடெக்டருக்கு மார்புச் சுற்றளவோ டீ ஷர்ட் அளவோ கணக்கில்லை. தோளும் கழுத்தும் சேருகிற இடத்திலிருந்து இடுப்பு வரை எத்தனை செ.மீ. என்பதுதான் அளவு. ஜாக்கெட்டில் செருகாமல் தனியாக உடம்பில் மாட்டுகிற வகைகளின் லேபிளிலேயே இந்த இடுப்பு–தோள் நீளம் செ.மீட்டரில் அச்சடித்திருக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி அளந்து பாருங்கள், நீங்களே அளந்தால் தப்பு வரும்.

பையைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், ஷிஃப்ட் தொடங்குகிறது.

நீலகிரி_மூடுபனி எழுதியது:

அளவு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் உயரம் 156 செ.மீ. முதல் ப்ரொடெக்டர் கணவருடையது. நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வண்டியில் உட்கார்ந்ததும் கீழ் விளிம்பு சீட்டில் இடித்து முழுப் பலகையும் மேலே ஏறும். மேல் விளிம்பு கழுத்துக்குப் போய் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தட்டும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் தலையைத் திருப்பும்போது டொக், டொக். மசினகுடி போய்ச் சேருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அன்று எனக்குப் பேக் ப்ரொடெக்டர் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. தப்பு அதனுடையது அல்ல, என்னைவிட அது நான்கு விரல் நீளம், அவ்வளவுதான்.

கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. உங்கள் வண்டியிலேயே, அதே ஜாக்கெட், அதே ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பாருங்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள், டேங்க் மேல் குனியுங்கள். பிறகு இருபது நிமிடம் அப்படியே இருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே வசதியாகத்தான் இருக்கும்.

பெண்களுக்கு இன்னொன்று. இடுப்புக்குக் கீழே உடம்பு அகலமாவதால் நேரான பலகை இடுப்பு வளைவில் ஒட்டாமல் தூக்கி நிற்கும். துண்டு துண்டாகக் கோத்த வகையோ, நன்றாக வளைகிற மென் வகையோ எடுத்தால் முதுகின் வளைவோடு உட்காருகிறது. எனக்கு லெவல் 2ஐவிட லெவல் 1 நன்றாகப் பொருந்தியது. லெவல் 1தான் போடுகிறேன், தினமும் போடுகிறேன்.

வேலூர்_வெயில் எழுதியது:

மென்மையானது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

டி3ஓ, சாஸ்டெக் மாதிரி இப்போது வருகிற மென் ஆர்மர்களெல்லாம் மெதுவாக அழுத்தினால் களிமண் மாதிரி குழையும், வேகமாக அடித்தால் இறுகும். போடுவதற்குச் சுகம்தான். ஆனால் அந்தக் குணம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். குளிரில் விறைக்கும், சூட்டில் தளரும். சாதாரணச் சோதனை 23 டிகிரியில் நடக்கும். ஆய்வகத்துக்கு அது நியாயமான வெப்பம், கத்திரி வெயிலில் காட்பாடி மேம்பாலத்தில் நிற்கிறவனுக்கு அது ஏசி அறை.

அதனால் லேபிளில் ‘டி’ (T) என்ற எழுத்தும் பக்கத்தில் கூட்டல் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 40 டிகிரியில் தனியாகச் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். கழித்தல் குறி இருந்தால் மைனஸ் 10 டிகிரியில் தேறியது. இரண்டும் கட்டாயச் சோதனைகள் அல்ல, தயாரிப்பாளர் விரும்பினால் செய்வது. லடாக் போகிறவர் கழித்தலைத் தேடட்டும், நாம் கூட்டலைத் தேடுவோம். லெவல் 2 ஆனால் கூட்டல் குறி இல்லை, லெவல் 1 ஆனால் கூட்டல் குறி உண்டு என்ற நிலை வந்தால் நான் இரண்டாவதை எடுப்பேன். இது என் கணக்கு, எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

செட்டிபாளையம்_லேப் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேலூர். ரேஸ் ட்ராக்கில் இரண்டு தடவை முதுகடிபட விழுந்தவன் நான். லெவல் 2 எடுங்கள், அதில் கூட்டல் குறி உள்ளதைத் தேடி எடுங்கள். கிடைக்காமல் இல்லை, காசுதான் கொஞ்சம் கூட.

இப்போது பை. பேக் ப்ரொடெக்டர் மேல் நான்கைந்து கிலோ பையை மாட்டினால் என்ன ஆகும்? பையின் பட்டை தோளைப் பின்னால் இழுக்கும், பையின் அடிப்பாகம் பலகையின் நடுவை அழுத்தும், பலகையின் மேல் விளிம்பு நெம்புகோல் மாதிரி உங்கள் தோள்பட்டைகளுக்கு நடுவில் குத்தும். வலி எங்கே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்? அதே இடம். மெஷ் ஜாக்கெட்டில் காற்று உள்ளே வந்து முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். பை அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. நீங்களோ ப்ரொடெக்டரைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த டிஸ்க் லாக். முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டியை வைத்துக்கொண்டு போகிறீர்கள். அதை இன்றைக்கே சீட்டுக்கு அடியில் போடுங்கள். மற்றதெல்லாம் டெயில் பேக்கில், அதாவது பின் சீட்டின் மேல் கட்டும் பையில், வையுங்கள்.

பழைய_புல்லட் எழுதியது:

டிஸ்க் லாக் விஷயம் சரிதான். ஒத்துக்கொள்கிறேன்.

அது இருக்கட்டும், ஒரு சந்தேகம். இந்தப் பட்டை போட்டால் முதுகெலும்பு உடையவே உடையாதா? பேரன் வண்டி கேட்கிறான், அதனால் கேட்கிறேன்.

மாவுக்கட்டு எழுதியது:

ஆர்த்தோ வார்டில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். உடையவே உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் ஐயா.

முதுகெலும்பு இரண்டு விதமாக அடிபடும். ஒன்று நேரடி அடி: மீடியன் கல், மைல்கல், பாலத்தின் விளிம்பு, இன்னொரு வண்டியின் ஃபுட் பெக் (கால் வைக்கும் கம்பி). இதற்குத்தான் பேக் ப்ரொடெக்டர். ஒரு புள்ளியில் விழுகிற அடியை அகலமாகப் பரப்பி, கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். முதுகெலும்பு மட்டும் இல்லை, பின்பக்க விலா எலும்பு, தோள்பட்டை எலும்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பலன். இன்னொன்று மறைமுக அடி: தூக்கி எறியப்பட்டுப் பிட்டத்தில் தொப்பென்று உட்காருவது, தலைகுப்புற விழுவது, உடம்பு முறுக்கிக்கொள்வது. முள்ளெலும்பு நசுங்குவதும் வெடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். மார்பு முள்ளெலும்புகள் முடிந்து இடுப்பு முள்ளெலும்புகள் தொடங்குகிற இடத்தில்தான் அதிகம் பார்க்கிறோம். இதில் முதுகில் கட்டிய பட்டை பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கழுத்துக்கும் அதனால் பலன் இல்லை.

அப்படியானால் ஏன் போட வேண்டும் என்று கேட்பீர்கள். கல்லில் மோதி விழுகிறவர்களும் இருக்கிறார்களே, முதல் பதிவிலேயே ஒருவர் இருக்கிறார். பேரனுக்கு முதலில் கொக்கி மாட்டிய நல்ல ஹெல்மெட், பிறகு கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், அப்புறம் இது. என் வரிசை இதுதான்.

தூத்துக்குடி_சிங்கி எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கதை. 1975இல் அமெரிக்காவின் டேடோனா மைதானத்தில் பேரி ஷீன் என்ற இங்கிலாந்து ரேஸர் பயங்கர வேகத்தில் போகும்போது பின் டயர் போய்விட்டது. தொடை, கை, காறை எலும்பு, விலா என்று உடைந்தது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் 500 சிசி உலக சாம்பியன் அவர்தான்! 1970களின் கடைசியில் இத்தாலியின் டைனீஸ் நிறுவனம் ரேஸ்காரர்களுக்கு முதுகுக் காப்பு செய்தபோது அதைப் போட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். வடிவத்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சிங்கி இறால். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற ஓடு, முன்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது. எங்கள் ஊர்க்காரன் எவனும் இதை முதலில் யோசிக்கவில்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்.

ஈசிஆர்_விடியல் எழுதியது:

ஜாக்கெட்டுக்குள் செருகுவதா, தனியாக மாட்டுவதா என்பதையும் பேசிவிடுவோமே. நான் தனியாக மாட்டும் கட்சி. தோள் பட்டையும் இடுப்பு பெல்ட்டும் இருப்பதால் விழுந்து உருளும்போதும் இடத்தைவிட்டு நகராது. ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தால் உள்ளே செருகியது விலாப்பக்கம் போய்விடும்.

நீலகிரி_மூடுபனி எழுதியது:

ஆபீஸ் போகிறவருக்குத் தினமும் காலையில் பெல்ட் கட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது? மூன்றாம் நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். ஜாக்கெட்டோடு இருந்தால் மறக்காது. தவிர, அவருடைய ஜாக்கெட் ஏற்கெனவே உடம்போடு ஒட்டி இருந்தால் உள்ளே இன்னொன்று மாட்ட இடம் இருக்காது, ஜிப் ஏறாது.

ஈசிஆர்_விடியல் எழுதியது:

அதுவும் உண்மை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்பு பெல்ட் ஒரு தண்டனைதான். நான் அதைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

ராயபுரம்_தையல் எழுதியது:

செருகுகிறவர்களுக்கு ஒன்று. பல ஜாக்கெட்டில் முதுகுப் பை, ப்ரொடெக்டரைவிடப் பெரிதாக இருக்கும், உள்ளே ஆடும். எங்கள் கடைக்கு ஜாக்கெட்டைக் கொண்டு வந்தால் பையின் இரண்டு பக்கமும் ஒரு தையல் உள்ளே இறக்கி, மேலே வெல்க்ரோ வைத்துக் கொடுப்பேன். ஜாக்கெட்டின் உள் லைனிங்கில் மட்டும்தான் ஊசி இறங்கணும், வெளித்துணியைத் தொடக் கூடாது. பை சின்னதாக இருந்தால் பையைத்தான் பெரிதாக்கணும். ப்ரொடெக்டரைக் கத்தரித்துக் கொடுங்கள் என்று இரண்டு பேர் வந்தார்கள், மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். ஓரத்தை வெட்டினால் பிறகு அந்த அளவு, அந்தச் சோதனை எதற்கும் அர்த்தமில்லை.

தாம்பரம்_ஏர்பேக் எழுதியது:

யாரும் ஏர்பேக் உடுப்பைப் பற்றிப் பேசவில்லையே? மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் 2018லிருந்து கட்டாயம். கயிற்றால் வண்டியோடு இணைக்கிற வகையும் உண்டு, நீங்கள் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு காஸ் சிலிண்டர் திறந்து ஊதும். கழுத்துக்கும் சேர்த்துக் காப்பு தருகிற வடிவங்கள் இருக்கின்றன.

செட்டிபாளையம்_லேப் எழுதியது:

நல்லதுதான், ஆனால் அவர் பட்ஜெட் 6,000. அப்புறம் அந்த உடுப்பை ஜாக்கெட் மேலேயோ உள்ளேயோ இன்னொரு அடுக்காகப் போட வேண்டும். வியர்வைக்கே அழுகிறவரிடம் இப்போது வேண்டாம்.

பெருங்களத்தூர்250 எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மனைவி டேப் பிடித்து அளந்தாள். என் இடுப்பு–தோள் நீளம் நான் நினைத்ததைவிடக் குறைவு. எல் இல்லை, எம் தான் சரி. பரங்கிமலைப் பக்கம் ஒரு கடையில் வண்டியை வாசலிலேயே நிறுத்தி, நீலகிரி அக்கா சொன்ன மாதிரி ஹெல்மெட்டோடு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், போவேனா மாட்டேனா என்ற சந்தேகத்தில். கடைசியில் செருகுகிற வகையிலேயே 1621-2, லெவல் 2, கூட்டல் குறியோடு ஒன்று எடுத்தேன். பட்ஜெட்டுக்குள் முடிந்தது. கையில் பிடித்தால் பழையதைவிடத் தடிமன், எடையும் கூட. முதுகில் மாட்டினால் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், புதியது வருவதற்கு முன்பே பாதி வலி போய்விட்டது. பையை டெயில் பேக்குக்கு மாற்றிய முதல் நாளே தெரிந்தது. பீரோ மேலிருந்த பழையதை ஒரு நாள் சோதனைக்காகப் போட்டேன், அதுவும் குத்தவில்லை. ஒரு வருடம் எதைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று சிரிப்பு வந்தது.

வியர்வை முழுக்கப் போகவில்லை. சிக்னலில் நிற்கும்போது நனைகிறது, ஓடும்போது காய்கிறது. டீ ஷர்ட்டுக்குப் பதில் வியர்வை உலரும் உள்ளாடை போட்டதில் ஒட்டுவது நின்றது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: இதை எப்படித் துவைப்பது? இப்போதே லேசாக வாடை வருகிறது.

வேலூர்_வெயில் எழுதியது:

வாஷிங் மெஷினில் போடாதீர்கள். ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுத் துடைத்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், ஜாக்கெட்டோடு சேர்த்து டாப் பாக்ஸில் பூட்டிவைத்து வேகவிடவும் வேண்டாம். பலமாக விழுந்தால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். எத்தனை வருடத்தில் மாற்றணும் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு, கூட வந்த தாளில் இருக்கும்.

பழைய_புல்லட் எழுதியது:

தம்பி, அந்தக் கடை பரங்கிமலையில் எந்தப் பக்கம்? பேரனுக்குத்தான். எனக்கும் ஒன்று அளந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். தொப்பை இருந்தால் அளவு மாறுமா?

நீலகிரி_மூடுபனி எழுதியது:

மாறாது ஐயா, முதுகு நீளம்தான் கணக்கு. ஆனால் செருகுகிற வகையே எடுங்கள், பெல்ட் வகை வேண்டாம்.

பெருங்களத்தூர்250 எழுதியது:

கடை ரயில்வே ஸ்டேஷன் பக்கம்தான் ஐயா, தனி மடலில் வழி அனுப்புகிறேன். உங்கள் வண்டியிலேயே போங்கள், உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் டீயும் வாங்கித் தருவார்.